சீனி படுத்த இடம்

"மீன் தலையில நஞ்சு வெச்சது நீங்கதான், வேற யாரு வெப்பா? எண்ட சீனி கிளினிக்கில—"

"என்ர வளவுக்குள்ள வந்து என்ர மீனைத் திங்கிற பூனைக்கு நான் ஏன்—"

"—உசிருக்குப் போராடுது, நீங்க மீனப் பத்திக் கதைக்கிறீங்க!"

"—நஞ்சு வைக்கோணும்? கேக்கிறன், ஏன் வைக்கோணும்? சத்தம் போட்டாப்போல பொய் உண்மையாகாது கண்டியளே!"

"போன மாசமும் நீங்கதான்!"

"ஓம், போன மாசமும் நான்தான்! முந்தநாள் கரண்ட் போனதும் நான்தான்! போய்ப் பொலிசில சொல்லுங்கோ!"

பூனைக்காரி றஹ்மாவின் வீட்டு வளவுக்கும் சாமித்தம்பியின் வீட்டு வளவுக்கும் நடுவே ஆளுயரத்தை மிஞ்சிய சுவர். மேலே போத்தல் ஓடுகள் பதித்திருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வழியில்லை என்பதால் இருவரும் அந்தச் சுவரைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள். அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றது. துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதியபோது மட்டும் இருவரும் வாயை மூடினார்கள். ஊதி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

வீடுகளுக்கு முன்னால் ஒடுங்கிய ஒழுங்கையில் நின்று இதைக் கேட்ட ஞானமணிக்கு அன்றைக்கு இது இரண்டாவது சண்டை. காலையில் கட்டைபறிச்சான் கிராமத்தில் செத்துப்போன ஒரு பசுவுக்காக அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்ததைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே நகரத்துக்கு வந்திருந்தார். அரசாங்க மிருக வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் ஓய்வு கிடைக்கும் என்று யாரோ அவரை நம்ப வைத்திருந்தார்கள். இப்போது ஒரு காப்புறுதிக் கம்பெனி, ஏதாவது கிளெய்மில் சந்தேகம் வந்தால், "டொக்டர், ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்று அவரைத்தான் அனுப்பும். போவார். முழங்கால் வேண்டாம் என்று சொல்லும். அதையும் கூட்டிக்கொண்டு போவார்.

"கேட்டீங்களா டொக்டர்?" என்றான் நஸ்ரி. கம்பெனியின் ஏஜெண்ட்; நாற்பது வயதிலும் பள்ளிக்கூடப் பிள்ளையின் துடிப்பு. மோட்டார் சைக்கிளைவிட அதன் மேலே கட்டியிருந்த பைதான் பெரிதாக இருந்தது. "கேஸ் முடிஞ்சு. செஞ்ச ஆளும் தெரியும், நஞ்சும் தெரியும்."

"என்ன நஞ்சு?"

"எலி நஞ்சு! சாமித்தம்பி ஐயாட ராக்கைத் தட்டில இரிக்கு. நானே கண்ணால கண்ட."

"நீங்கள் கண்டது பக்கெற்றை, நஸ்ரி. பூனை திண்டதைக் காணேல்ல."

"அதுவும் சரிதான்," என்று நஸ்ரி உற்சாகம் குறையாமல் ஒப்புக்கொண்டான். "ஆனா டொக்டர், எனக்கு ரெண்டு பேரும் கஸ்டமர். இவங்கட பூனைக்கும் நான்தான் பொலிசி செஞ்ச, அவருட நாய்க்கும் நான்தான். ஒருத்தருக்கு ஒருத்தரச் சொல்லல்ல. சொன்னா ரெண்டும் போயிரும்." பைக்குள் கைவிட்டு ஒரு கலண்டரையும் இரண்டு பேனைகளையும் எடுத்தான். "வெறுங்கையோட ஒரு வீட்டுக்கும் நான் போறதில்ல. கம்பெனி தாறது கொஞ்சம். அத உடைச்சு, பிரிச்சு, எல்லாருக்கும் ஒவ்வொண்டு குடுத்தா எல்லாருக்கும் சந்தோஷம்தானே?"

ஞானமணி தன் கையிலிருந்த பொலித்தீன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். வரும் வழியில், சீனியைச் சேர்த்திருந்த கிளினிக்கில் வாங்கியது அது. உள்ளே ஒரு பழைய துவாய்.

றஹ்மாவின் வீட்டுக்குள் சண்டையின் சூடு இன்னும் இருந்தது. உட்காரக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி வைத்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறாள். மகன் முனீப் டோஹாவில்.

"பூனைக்கு இன்சூரன்ஸ் எண்டு நானா கேட்ட? மகன் செஞ்ச வேல. எனக்குச் சுகமில்லாட்டி நான் ஆசுபத்திரிக்குப் போகமாட்டன் எண்டு அவனுக்குத் தெரியும். பூனைக்கெண்டா ஓடுவன் எண்டும் தெரியும். ஓடுற நேரம் எனக்கும் ஒரு மருந்து எடுப்பன் எண்டு நினைச்சானோ என்னவோ."

"எடுத்தீங்களோ?"

"இல்ல."

ஞானமணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. தேத்தண்ணியைக் குடித்தார். "றஹ்மா, கம்பெனி ஏன் என்னை அனுப்பினது எண்டு சொல்லிப்போடுறன். போன மாதமும் சீனிக்கு இதே நடுக்கம். இந்த மாதமும் அதே. ஒரே நோய் வருத்தம் திரும்ப வந்தா, இது பொலிசி எடுக்க முதலே இருந்த வருத்தமோ எண்டு அவை கேப்பினம். முதலே இருந்ததுக்கு ஒரு கம்பெனியும் தராது. எதிர்பாராமல் நஞ்சு பட்டதெண்டா தரும். அதுவும் முழுக்க இல்லை, ஒரு பங்கு உங்கட கையால."

"டொக்டர், காசக் கதைக்காதீங்க." றஹ்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கிளினிக்கில புள்ள சொல்லுது, ரெண்டு மூணு நாள்ல கூட்டிட்டுப் போகலாம் எண்டு. எங்க கூட்டிட்டு வாற? இங்கயா? மறுகா நஞ்சு வெக்கவா? மூணாந்தரம் அது தாங்காது. யாரு, எப்பிடிச் செஞ்ச எண்டு நீங்க சொல்லாட்டி, குறிஞ்சாக்கேணியில எண்ட தங்கச்சி றுமானாட வீட்ட குடுத்திருவன். சொல்லியும் வெச்சிட்டன்."

"குடுத்துப்போட்டு?"

"குடுத்துட்டு என்ன. இந்தச் சுவரப் பார்த்துட்டு இரிப்பன்."

 நஸ்ரி கலண்டரை மெதுவாக மேசையில் வைத்தான்.

"சீனி எங்க படுக்கும்?" என்று கேட்டார் ஞானமணி.

"ராவைக்கு எண்ட கால்மாட்டில. மத்தியானம் எங்க போகுதெண்டு தெரியாது. வெயிலுக்குக் காணாமப் போகும், வெயில் சாய, அஸருக்குப் பாங்கு சொல்ல வந்திரும். நேத்தும் அப்பிடித்தான் வந்திச்சு. பின்நேரம் வாயில நுரை, வெட்டி வெட்டி இழுக்குது. துவாயில சுத்திக்கிட்டு ஓடின."

"வீட்டில வேறை பிராணி ஏதும்?"

றஹ்மாவுக்கு முகம் சிவந்தது. "அந்தச் சின்ன டொக்டரும் இதத்தான் கேட்டிச்சு, வீட்டில நாய் இரிக்கா எண்டு. தொழுவுற எங்கட வீட்டிலயா நாய் எண்டு நல்லா ஏசிட்டன். பிறகு பாவம் எண்டு இரிந்திச்சு. நீங்களும் கேக்கிறீங்க."

"நான் ஏச்சு வாங்கிப் பழகின ஆள்," என்றார் ஞானமணி. "எங்க, அந்த மீனைக் காட்டுங்கோ."

சாட்சி சுவரடியில் கிடந்தது: ஒரு சூரை மீன் தலை. காகத்துக்குத்தான் எறிந்தேன் என்று சாமித்தம்பி சொல்வதாகவும், காகம் என்ன தன் வளவிலா குடியிருக்கிறது என்றும் றஹ்மா விளக்கினாள். ஞானமணி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். மீன் தலையில் எறும்பு மொய்த்திருந்தது. துண்டு துண்டாகப் பிய்த்து வரிசையாகக் கொண்டு போய்க்கொண்டிருந்தன. வரிசை நெடுக உயிரும் சுறுசுறுப்பும். மீனில் பல் பட்ட அடையாளம் ஒன்றும் இல்லை.

எழும்புவதற்காக அவர் கற்றாழைச் சாடிகளுக்குப் பின்னால் கையை ஊன்றியபோது விரல்கள் வெறுமைக்குள் போயின. மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சுவரடியில் விட்ட ஓட்டை. தேங்காய் ஒன்று போகும் அளவு. மேல் விளிம்பு சீமெந்தாக இல்லாமல், அடிக்கடி துணி தேய்த்ததுபோல் மழமழவென்று இருந்தது.

"டொக்டர்!" நஸ்ரி மூச்சு வாங்கியபடி வந்தான். "எனக்கு வேற ஒரு யோசின. போன கிழமை ஒழுங்கையில டெங்கு நுளம்புக்குப் புகை அடிச்சாங்க. அந்த மருந்து பட்டிருக்குமோ?"

"நல்ல யோசினை," என்றார் ஞானமணி. நஸ்ரியின் நெஞ்சு நிமிர்ந்தது. "ஆனால் புகை ஒழுங்கை முழுக்க அடிச்சது. அப்பிடியெண்டா எல்லாப் பூனையும் எல்லோ நடுங்கோணும். அடுத்த வீட்டு மதிலில மூண்டு படுத்திருக்கு, பாருங்கோ. ஒண்டுக்கும் ஒண்டுமில்லை."

நெஞ்சு பழைய இடத்துக்குப் போனது.

சாமித்தம்பியின் கேற்றைத் தொட்டதும் ஒரு கறுப்பு நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. நஸ்ரி ஞானமணிக்குப் பின்னால் போய் நின்றான்.

"கப்டன்! படுடா!" சாமித்தம்பி துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த மனிதர், குரலுக்கு இன்னும் கடல் தேவைப்பட்டது. "வாங்கோ டொக்டர். நீங்களும் என்னைக் கள்ளன் எண்டுதானே வந்தனீங்கள்?"

"இல்லை ஐயா. கால் நோகுது. இருக்கத்தான் வந்தனான்."

அவர் சிரித்துவிட்டார். கதிரை வந்தது. எலி நஞ்சைப் பற்றிக் கேட்க முதலே அவரே ராக்கையிலிருந்து எடுத்து வந்து ஞானமணியின் மடியில் போட்டார். பக்கெற்றின் வாய் ஒட்டியபடியே இருந்தது.

"வாங்கினனான், ஓம். உடைக்கேல்ல. கப்டன் திண்டிடும் எண்டு பயம். எலி என்ர குளிக்கிற சவர்க்காரத்தையும் கொண்டு போகுது, போகட்டும்."

"இன்னொரு பக்கெற் இரிந்திருக்கலாமே?" என்று நஸ்ரி கிசுகிசுத்தான்.

"இருந்தாலும் பரவாயில்லை. எலி நஞ்சு திண்ட பூனை நடுங்காது நஸ்ரி. சோரும், பல் முரசு வெளிறும், உள்ளுக்கு இரத்தம் கசியும். சீனிக்கு ஒரு சொட்டு இரத்தம் போகேல்ல. அது நடுங்கினது." ஞானமணி சாமித்தம்பியின் பக்கம் திரும்பினார். "உங்கட நாய்க்கு அந்தப் பூனையைப் பிடிக்குமோ?"

"பிடிக்கிறதோ! கண்டாக் கிழிச்சுப்போடும். எத்தினை தரம் குரைச்சிருக்கு. அந்த மனுசிக்காகத்தான், நான் மத்தியானம் படுக்கிற நேரம் கப்டனைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கட்டுறனான். அதுக்கொரு நன்றி இருக்கோ?"

கைபேசி அடிக்க நஸ்ரி அதைக் காதில் வைத்துக்கொண்டு கேற்றுக்கு வெளியே போனான். ஞானமணி பொலித்தீன் பையைத் திறந்து துவாயைத் தரையில் போட்டார். குரைத்துக்கொண்டிருந்த கப்டன் நடுவில் நிறுத்தியது. மூக்கை நீட்டியது. சங்கிலி எட்டிய மட்டும் வந்து துவாயை மோந்து, காலால் இழுத்து, அதன் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. வால் மண்ணைக் கூட்டியது.

"என்ன துவாய் அது?" என்று கேட்டார் சாமித்தம்பி.

"ஒரு ஆளின்ர."

பின்பக்கம் சுவரோரமாக ஒரு தகரச் சாய்ப்பு. அதன் கீழே நாய் படுக்கும் சாக்கு. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் அதே ஓட்டையின் மறுவாய். ஞானமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாக்கைப் பார்த்தார். கறுப்பு மயிர் நிறைய. அதற்கிடையே பஞ்சுபோல மெல்லிய வெள்ளை மயிர். பிறகு கப்டனிடம் வந்து தோள்களுக்கு நடுவே விரலால் தடவினார். மயிர் பிசுபிசுத்து, கொத்துக் கொத்தாக ஒரே பக்கம் சாய்ந்து படிந்திருந்தது. யாரோ நாக்கால் சீவிவிட்டதுபோல.

"எப்ப மருந்து போட்டனீங்கள்?"

சாமித்தம்பியின் முகம் முதல்தரமாக மலர்ந்தது. "நேற்றுக் காலமை. மாதம் ஒருக்கா, பிசகினதில்லை. கோயிலடி மான்கள் ஒழுங்கைக்குள்ள வந்து படுத்திட்டுப் போகும், பிறகு ஒரே உண்ணி. உண்ணிக்கு மருந்து போடாட்டி, உண்ணிக் காய்ச்சல் வந்தா இன்சூரன்ஸ் தராது எண்டு சொன்னவை. அதுதான் சொன்னது சொன்னபடி." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். சுண்டுவிரல் நீளம். காலியாக இருந்தது. "அளவாப் போட்டனானோ எண்டு நீங்களே பாருங்கோ."

"அளவில பிழையில்லை." அதன் எழுத்தை வாசிக்கக் கண்ணாடியும் போதவில்லை. "பெட்டி எங்க?"

"பெட்டியோ? பெட்டி ஒண்டும் தரேல்ல. இப்பிடித் தனியாத்தான் வாறது."

ஞானமணி குழாயைக் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். விடை வந்துவிட்டது. விடை வந்தால் வரவேண்டிய சந்தோஷம் மட்டும் வரவில்லை. இதைச் சொன்னால் மூன்று பேருக்கு நோகும். அதிலும் றஹ்மாவுக்கு, கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகும் பூனை குறிஞ்சாக்கேணிக்குப் போகக்கூடும். சொல்லாமல் விட்டால் அடுத்த மாதம் மருந்து நாள் வரும்.

வெயில் சாய்ந்த பிறகு எல்லோரையும் ஒழுங்கைக்கு வரச் சொன்னார். சுவர் முடிகிற இடத்தில் ஒரு பக்கம் றஹ்மா தன் கேற்றுக்குள், மறுபக்கம் சாமித்தம்பி தன் கேற்றுக்குள். நடுவில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நஸ்ரி, கண் இரண்டும் பளபளக்க. ஞானமணிக்குக் கதிரை ஒன்று இரண்டு வீட்டிலிருந்தும் வந்தது. எதில் இருந்தாலும் வம்பு என்று அவர் நின்றார்.

"முதல்ல மீனை விடுங்கோ," என்றார். "அந்த நடுக்கம் பூச்சி கொல்லுற மருந்தால வாறது. மீனில அது இருந்திருந்தா எறும்புதான் முதல்ல செத்திருக்கும். எறும்பு விருந்து சாப்பிடுது. பூனை வாய்கூட வைக்கேல்ல."

"சொன்னனானே!" என்றார் சாமித்தம்பி.

"பொறுங்கோ ஐயா, உங்களிட்டையும் வருவன். பூனை ஒண்டையும் திங்கேல்ல. அப்ப மருந்து எப்பிடி உள்ளுக்குப் போனது? கிளினிக்கில அந்தச் சின்ன டொக்டர் பிரியங்கினி ஒண்டு சொன்னவ. பூனையின்ர ஒரு பக்கம் எண்ணெய் பட்டமாதிரிப் பிசுபிசுப்பா இருந்ததாம். சவர்க்காரம் போட்டுக் கழுவினாப் பிறகுதான் இழுப்பு அடங்கத் தொடங்கினதாம். வயிற்றில இருக்கிற நஞ்சு கழுவினாப் போகாது. அது மயிரில இருந்தது."

"எண்ட வீட்டில பூச்சி மருந்தே இல்ல," என்றாள் றஹ்மா.

"இல்லைத்தான். பிரியங்கினி சரியான கேள்வியைத்தான் கேட்டவ, நாய் இருக்கோ எண்டு. நீங்களும் சரியான பதிலைத்தான் சொன்னீங்கள். நாய்க்கு உண்ணி போகப் போடுற சில துளி மருந்து இருக்கு. முதுகில விடுறது. நாய்க்கு ஒண்டும் செய்யாது. பூனையின்ர ஈரலுக்கு அதைக் கரைக்கத் தெரியாது. அந்த ஈரம் காயமுதல் பூனை உரசினாலே காணும், நக்கினா இன்னும் மோசம். நாயில்லாத வீட்டுப் பூனைக்கு அது எப்பிடி வரும் எண்டு அவவும் விட்டிட்டா."

நஸ்ரி மோட்டார் சைக்கிளிலிருந்து நிமிர்ந்தான். "அப்ப ஐயா வேணுமெண்டு அந்த மருந்தப் பூனைக்கு—"

"இல்லை. அவர் நாய்க்குத்தான் போட்டவர். பூனை தானாப் போய் எடுத்தது." ஞானமணி சுவரைக் காட்டினார். "கற்றாழைச் சாடிக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்கு. விளிம்பு தேய்ஞ்சு போச்சு, அவ்வளவு காலம். ஐயா மத்தியானம் நித்திரை கொள்ளுறார், நாய் பின்னுக்கு. நீங்கள் அடுப்படியில, பூனையைக் காணேல்ல. நாய் படுக்கிற சாக்கில வெள்ளை மயிர் கிடக்கு. சீனியின்ர துவாயைக் கண்டதும் அந்தக் கறுப்பன் குரைக்கிறதை விட்டிட்டு அதில தலையை வைச்சுப் படுத்திட்டான். அவன் முதுகு மயிரை ஆரோ நக்கிச் சீவி விட்டிருக்கினம். நாய்க்குத் தன்ர தோளுக்கு நடுவில நாக்கு எட்டாது."

சாமித்தம்பி திரும்பிக் கப்டனைப் பார்த்தார்.

"குரைக்கிறது…" என்று இழுத்தார் சாமித்தம்பி. "அது பூனையைக் கண்டாக் குரைக்குமே…"

"கட்டிப்போட்டிருந்தா நான்கூடக் கூப்பிட்டுக் குரைப்பன், ஐயா."

"நாயோடயா?" றஹ்மாவின் குரல் கீழே போயிருந்தது. "எண்ட சீனி நாயோடயா படுத்த? டொக்டர், அது எண்ட தொழுவுற பாயில வந்து இரிக்கும். எண்ட கால்மாட்டில…"

ஞானமணி பயந்தது இதற்குத்தான். அவரிடம் இதற்கு மருந்து இல்லை.

சாமித்தம்பி தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் நஞ்சு வைக்கேல்ல எண்டு சத்தியம் பண்ணினன். கடைசியில என்ர கையாலதான் வைச்சிருக்கிறன். பிள்ளை மாதிரி வளக்கிற நாய்க்குச் சரியாச் செய்யோணும் எண்டு… பூனைக்குக் கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லயே."

"சொன்னது. உங்களுக்கு வந்து சேரேல்ல." ஞானமணி கைக்குள் இருந்த குழாயை நீட்டினார், நஸ்ரியிடம். "உங்கட பையைக் கொஞ்சம் திறவுங்கோ, தம்பி."

நஸ்ரி சிரித்தபடியே பையைத் திறந்தான். உள்ளே பேனைகளுக்கும் நாய்ப் பட்டிகளுக்கும் கீழே நசுங்கிய, குழாய்கள் தீர்ந்த பெட்டி ஒன்று கிடந்தது. அதன் முகப்பில் நாய் ஒன்று. பக்கத்தில் ஒரு பூனை, அதன் மேல் குறுக்கே சிவப்புக் கோடு. பெட்டிக்குள் மடித்த தாள் மடித்தபடியே இருந்தது. சிரிப்பு அவன் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"மருந்துக் கடையில குளிசை அட்டையை வெட்டி ஒண்டு ரெண்டு தாறமாதிரி," என்றார் ஞானமணி. குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் வாங்குறது, அப்பிடித்தான் குடுக்கிறது. நானும்தான். ஆனா பெட்டி ஒண்டு, தாள் ஒண்டு. மருந்தைப் பிரிக்கலாம். அந்தச் சிவப்புக் கோட்டைப் பிரிக்க ஏலாது. அது உங்கட பைக்குள்ளயே இருந்திட்டுது."

"டொக்டர், நான்… எல்லாருக்கும் ஒவ்வொண்டு குடுத்தா சந்தோஷம் எண்டு…"

"தெரியும்."

"யாருக்கெல்லாம் குடுத்தனோ! யார் வீட்டில பூன இரிக்கெண்டு எனக்குத் தெரியாதே."

"அப்ப எல்லா வீட்டுக்கும் போங்கோ. பூனை இல்லையெண்டு சொன்னா, அயல் வீட்டிலயும் கேளுங்கோ."

அவன் ஹெல்மெட்டைக்கூடப் போடாமல் வண்டியை முடுக்கினான். ஒழுங்கை முனையில் படுத்திருந்த மான்கள் எழும்பி வழி விட்டன.

எதிர்பாராத நஞ்சு, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்று ஞானமணி கம்பெனிக்குச் சொன்னார். முன்பே இருந்த நோய் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. சாமித்தம்பிக்கு வாயால் கொடுக்கிற உண்ணிக் குளிசை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். முதுகில் ஈரம் இருக்காது, பக்கத்தில் யார் படுத்தாலும் பயமில்லை. தடுப்பு மருந்துக்குக் காப்புறுதி தராது, அது உங்கள் செலவுதான் என்றும் சொன்னார். அவர் தலையாட்டினார். "பக்கத்தில ஆர் படுக்கப் போகினம் இனி," என்று மட்டும் சொன்னார்.

சீனியை விடுகிற நாளில் றஹ்மா கூப்பிட்டதால் ஞானமணி கிளினிக்குக்குப் போனார். வெள்ளைப் பூனை மெலிந்து, கூடைக்குள் இருந்து உலகத்தையே குற்றம் சாட்டுவதுபோலப் பார்த்தது. றஹ்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

"எங்க? குறிஞ்சாக்கேணிக்குப் போற கிண்ணியா பஸ்ஸுக்கா?" என்று ஓட்டோக்காரன் கேட்டான். முதல் நாள் அப்படித்தான் பேசி வைத்திருந்தாள் போலும்.

றஹ்மா கூடைக்குள் விரலை விட்டாள். சீனி அதை நக்கியது.

"பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்டக் கேட்ட டொக்டர்," என்றாள், ஓட்டோக்காரனுக்குப் பதில் சொல்லாமல். "காய்ஞ்ச நாய் மயிர் பட்டா ஒண்டுமில்ல எண்டு சொன்னாரு. எண்டாலும் தொழுவுற பாயத் தனியா மேல வெச்சிருக்கன். மனசுக்கு." கொஞ்சம் பொறுத்து, "பூனைக்கென்ன தெரியும். வெயில் நேரம் நிழல் தேடிப் போயிருக்கு."

"வெயிலுக்காக எண்டு நான் நினைக்கேல்ல," என்றார் ஞானமணி. "உங்கட வீட்டிலயும் நிழல் இருக்கு."

றஹ்மா அவரைப் பார்த்தாள். பிறகு ஓட்டோக்காரனின் முதுகைத் தட்டினாள். "வீட்டுக்கே விடு தம்பி."

வீட்டு முற்றத்தில் கூடையைத் திறந்ததுதான் தாமதம். சீனி முதலில் சோம்பல் முறித்தது. சாப்பாட்டுக் கோப்பையை மோந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டது. பிறகு கொஞ்சம் தள்ளாடியபடி, நேரே கற்றாழைச் சாடிகளைப் பார்த்து நடந்தது. றஹ்மா ஓர் அடி எடுத்து வைத்து நின்றாள். ஞானமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் அன்றைக்கும் வந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பிருந்தே வேறொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது: மண்வெட்டி சீமெந்துத் தரையில் உரசுகிற சத்தம், தண்ணீர் ஊற்றிக் குழைக்கிற சத்தம். அது நின்றது. ஓட்டையின் வாயில் ஒரு கை தெரிந்தது, சாந்து பூசும் அகப்பையோடு. பூனை அதன் முன்னால் குந்தியிருந்து பார்த்தது.



"தங்கச்சி," என்றார் சாமித்தம்பி, சுவருக்கு அப்பாலிருந்து, சத்தம் போடாமல். சுவர் கட்டிய நாளிலிருந்து அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "சாந்து குழைச்சிட்டன். இந்த ஓட்டையை அடைக்கவோ, விடவோ?"